மைக் இல்லாத மாலை: ஆர்கெஸ்ட்ரா கச்சேரி எப்படி நடக்கிறது?

மாலையில் நல்ல சாப்பாடு, கூடவே மேற்கத்திய செவ்வியல் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. இப்படி ஒரு திட்டம் போட்டதுமே சுற்றியிருப்பவர்கள் அறிவுரையை ஆரம்பித்துவிடுவார்கள். கோட்டு போட வேண்டுமா, எங்கே கைதட்டக் கூடாது, இருமல் வந்தால் என்ன செய்வது என்று எல்லாமே நடத்தை விதிகளாக வந்து விழும். இன்னொரு பக்கம், ‘முன்னால் நின்று குச்சி ஆட்டுகிறவர் இல்லாவிட்டாலும் அவர்கள் வாசித்துவிடுவார்கள், எல்லாம் சும்மா பந்தா’ என்கிற பேச்சும் உண்டு.

இரண்டுமே விஷயத்தைத் தப்பான முனையில் பிடிக்கின்றன. நாற்காலி போட்டிருக்கும் விதத்திலிருந்து நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்பது வரை, அந்த அரங்கில் நடக்கும் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அங்கே மைக் கிடையாது, ஸ்பீக்கரும் கிடையாது. (திறந்தவெளிக் கச்சேரிகளும், திரையில் படம் ஓட நேரில் வாசிக்கும் நிகழ்ச்சிகளும் வேறு கணக்கு. அங்கே பெரும்பாலும் ஒலிபெருக்கி இருக்கும்.) மரம், கம்பி, தோல், பித்தளை, மனித மூச்சு, இவற்றிலிருந்து வரும் சத்தம் அப்படியே கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். விதிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

மைக் படுத்துவிட்ட கூட்டம்

ஒரு பொதுக்கூட்டத்தில் பேச்சின் நடுவே மைக் படுத்துவிட்டது என்று வையுங்கள். பேச்சாளர் மேடை விளிம்புக்கு வருவார், குரலை உயர்த்துவார். கேட்க ஆசைப்படுபவர்கள் முன்னால் நகர்வார்கள். ‘கொஞ்சம் சத்தம் போடாம இருங்கப்பா’ என்று ஒருவர் அதட்டுவார், இன்னொருவர் ஃபேனை நிறுத்தச் சொல்வார். எல்லாரும் சேர்ந்து கோஷம் போட வேண்டுமென்றால் முன்னால் ஒருவர் கையை ஓங்கிக் காட்டினால்தான் ஒன்றாக வரும். இல்லாவிட்டால் பின்வரிசை இழுத்துக்கொண்டே போகும்.

அந்த ஐந்து நிமிடத்தில் கூட்டம் தானாகக் கண்டுபிடிக்கும் வழிகள் இவை: ஆள் பலம், நிற்கும் இடம், சுற்றுச்சூழலின் அமைதி, கண்ணுக்குத் தெரியும் ஒரு சைகை. ஆர்கெஸ்ட்ரா இதே வழிகளை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகத் தீட்டித் தீட்டி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயலின் மட்டும் ஏன் இத்தனை?

முழு அளவிலான ஆர்கெஸ்ட்ராவில் 80 முதல் 100 பேர் வரை இருப்பார்கள். அதில் பாதிக்கு மேல் வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியக்காரர்கள். முதல் வயலின் 16, இரண்டாம் வயலின் 14, வியோலா 12, செல்லோ 10, டபுள் பாஸ் 8 என்பது பெரிய குழுக்களில் வழக்கமான கணக்கு. டிரம்பெட் மூன்றோ நான்கோ இருந்தால் போதும்.

பார்த்தவுடன் தோன்றுவது, 16 வயலின் சேர்ந்தால் ஒரு வயலினைப் போல 16 மடங்கு சத்தம் வரும் என்பது. அப்படி வராது. ஒலியின் அளவை டெசிபல் என்ற அலகில் சொல்வார்கள். ஒரே அளவு சத்தம் போடும் வாத்தியங்கள் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், அது காதுக்குச் சிறிய வித்தியாசம். ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதாவது ஒன்று இருந்த இடத்தில் பத்து. ஆக, 16 பேர் வில்லை இழுத்துக் கிடைப்பது ஒருவரின் சத்தத்தைப் போல இரண்டு மடங்கும் கொஞ்சமும்.

பிறகு எதற்கு இத்தனை பேருக்குச் சம்பளம்? சத்தத்தைவிடப் பெரிய லாபம் வேறொன்று இருக்கிறது. 16 பேரும் ஒரே ஸ்வரத்தை வாசித்தாலும், யாரும் அச்சில் வார்த்தது போல ஒரே சுருதியில், ஒரே கணத்தில் வாசிப்பதில்லை. மயிரிழை வித்தியாசங்கள் இருந்துகொண்டே இருக்கும். அவை ஒன்றோடொன்று கலக்கும்போது தனி வயலினின் கூர்மை மழுங்கி, அகலமான, மினுங்குகிற ஒரு ஒலி பிறக்கிறது. எவ்வளவு பெரிய மேதை தனியாக வாசித்தாலும் இந்த ஒலி வராது. கணினியில் ஒரே வயலின் பதிவை 16 முறை நகலெடுத்து ஒட்டினாலும் வராது, சத்தம் மட்டும்தான் ஏறும்.

மேடையில் யார் எங்கே என்பதும் இந்தக் கணக்குதான். தனித்தனியாக வலு குறைந்த தந்திகள் முன்னால். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் போன்ற மரக்குழல்கள் நடுவில். ஒரே ஆள் அரங்கத்தை நிரப்பிவிடக்கூடிய பித்தளைக் குழல்களும் தாள வாத்தியங்களும் பின்னால்.

சுருக்கமாக: ஆள் கூடக் கூட ஒலியின் அளவு மெதுவாகத்தான் ஏறுகிறது, அதன் தன்மை வேகமாக மாறுகிறது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி என்று நாம் அடையாளம் காண்பது அந்தத் தன்மையைத்தான்.

சுவரும் வாசிக்கும், நீங்களும்தான்

கூடத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலி ஒரு பங்குதான். மீதி சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி, நேரொலிக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. வாத்தியம் நின்ற பிறகும் கூடத்துக்குள் ஒலி தங்கி நிற்பதை எதிர்முழக்கம் என்கிறார்கள். ஒலி 60 டெசிபல் குறைய எத்தனை நொடி ஆகிறதோ, அதுதான் அந்தக் கூடத்தின் எதிர்முழக்க நேரம். ஆர்கெஸ்ட்ரா கூடத்துக்கு ஏறத்தாழ 2 நொடி நல்லது என்பார்கள். அதே கூடத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். பேச்சுக்கு 1 நொடியே போதும்.

இதை எண்ணில் பிடித்தவர் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை, சரிசெய்து கொடுங்கள் என்று இவரிடம் விட்டார்கள். பக்கத்து அரங்கத்திலிருந்து இருக்கை மெத்தைகளை இரவல் வாங்கி வந்தார். ஊர் அடங்கிய இரவு நேரங்களில் ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்துவார். சத்தம் அடங்க எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தில் குறிப்பார். மெத்தைகளைக் கூட்டுவார், மறுபடி அளப்பார். கூடத்தின் கன அளவும் உள்ளே ஒலியை உறிஞ்சும் பொருள்களும் தெரிந்தால் எதிர்முழக்க நேரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம் என்ற சூத்திரம் இந்த மெத்தை சுமக்கும் வேலையிலிருந்து வந்ததுதான். அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900-இல் திறந்தது. இன்றும் உலகின் மிகச் சிறந்த கூடங்களில் அதற்கு இடம் உண்டு.

மெத்தை உறிஞ்சுவது போலவே மனிதரும் உறிஞ்சுவார், அதாவது அவருடைய உடம்பும் உடையும். காலியாக இருக்கும்போது ஒத்திகை பார்த்த கூடம், இரவு ஆள் நிறைந்ததும் வேறு மாதிரி ஒலிக்கும். எதிர்முழக்கம் குறைந்து, ஒலி கொஞ்சம் வறண்டுவிடும். நீங்கள் அங்கே போய் உட்கார்வதாலேயே அன்றைய ஒலியில் உங்களுக்கு ஒரு சிறு பங்கு சேர்ந்துவிடுகிறது. உடை பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண நல்ல உடை போதும். குலுங்கும் நகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஓபோ தரும் சுருதி

எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. ஆளாளுக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். விரல்களைச் சூடாக்குவதும் கடினமான இடத்தைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும்தான் அந்த இரைச்சல். அப்புறம் முதல் வயலின் வரிசையின் தலைமை வாத்தியக்காரர் எழுந்து நிற்பார். கான்செர்ட் மாஸ்டர் என்பது அவர் பதவி. முதல் வயலின்களின் வில் மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பது முதல் பல விஷயங்களை அவர்தான் தீர்மானிப்பார். அவர் தலையசைத்ததும் இரைச்சல் நிற்கும். நடுவரிசையிலிருந்து ஓபோ ஒரே ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். அந்த ஸ்வரத்துக்கு ஏ என்று பெயர். நொடிக்கு 440 அதிர்வு என்பது 1939-இல் லண்டனில் நடந்த மாநாட்டில் ஏற்றுக்கொண்ட அளவு. பல ஐரோப்பியக் குழுக்கள் 442, 443 என்று சற்று ஏற்றி வைத்துக்கொள்வார்கள், பளிச்சென்று கேட்கும் என்று.

ஏன் ஓபோ? அதன் ஒலி மெல்லியதானாலும் துளைத்துக்கொண்டு போகக்கூடியது. நூறு பேர் நடுவிலும் தனியாகக் காதில் விழும். தந்திகளை முறுக்கி எந்தச் சுருதிக்கும் கொண்டுவரலாம். ஓபோவை அப்படிப் பெரிதாக நகர்த்த முடியாது. அசையாதவரை நடுவில் வைத்து மற்றவர்கள் அவரைச் சுற்றிச் சேர்ந்துகொள்வதுதான் சௌகரியம். அன்றைக்கு மேடையில் பியானோ வாசிக்கப்போகிறார்கள் என்றால் கதை மாறும். பியானோவை அந்த நேரத்தில் யாரும் மாற்ற முடியாது, ஓபோ உட்பட எல்லாரும் அதற்குத்தான் இணங்கிப் போக வேண்டும்.

குச்சி எதற்கு?

இப்போது அந்தக் குச்சி ஆட்டுகிறவர், அதாவது கண்டக்டர், வருகிறார். அதிகம் கிண்டலுக்கு ஆளாகிறவர் இவர்தான். அவர் ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதில்லை என்பது உண்மை. கையை ஆட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். முன்வரிசை வயலினுக்கும் பின்னால் நிற்கும் டிம்பனிக்கும் (குழியான செம்புக் கிண்ணங்களின்மேல் தோல் போர்த்திய பெரிய முரசு அது) இடையே 12 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலின் ஒலி டிம்பனிக்காரரின் காதுக்குப் போக 35 மில்லிநொடி ஆகும், அதாவது ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் அதில் 35 துண்டு. காதில் விழுந்ததும் அவர் அடிக்கிறார். அந்த அடி முன்னால் வர இன்னொரு 35. ஆக, முன்வரிசையில் இருப்பவருக்கு முரசு 70 மில்லிநொடி தாமதமாகக் கேட்கும். வேகமான இசையில் ஒரு ஸ்வரத்துக்கே 125 மில்லிநொடிதான் கிடைக்கும். 70 என்பது அதில் பாதிக்கு மேல். காது அதைப் பிடித்துவிடும்.

ஒளிக்கு இந்தச் சிக்கல் இல்லை. குச்சி கீழே வரும் கணம் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் ஒரே கணம்தான். அதனால் பின்னால் இருக்கும் தாளக்காரர் காதை ஓரளவு நம்பாமல் கண்ணை நம்பப் பழகியிருப்பார். தனக்குக் கேட்பதற்குக் கொஞ்சம் முந்தியே அடிப்பார். அவருக்குத் தப்பாகத் தோன்றும் அந்த அடி, உங்களுக்குச் சரியாக வந்து விழும். எனக்கு இதுதான் இந்த முழு ஏற்பாட்டிலும் அழகான இடம்.

அடுத்தது, பார்வை. தந்தி வாத்தியங்களில் இரண்டு பேருக்கு ஒரு தாள் மேசை. உள்பக்கம் இருப்பவர் பக்கத்தைத் திருப்பும்போது மற்றவர் வாசித்துக்கொண்டிருப்பார். அந்தத் தாளில் அவரவர் வாத்தியத்துக்கானது மட்டும்தான் இருக்கும். மற்றவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று அதில் தெரியாது. எல்லா வாத்தியங்களின் வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய புத்தகத்துக்கு ஸ்கோர் என்று பெயர், அது கண்டக்டர் முன்னால் மட்டும் இருக்கும். 1893-இல் அரங்கேறிய, செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் (ஆர்கெஸ்ட்ராவுக்கான பெரிய படைப்பு அது) சிம்பல் என்ற பித்தளைத் தட்டுக்கு வேலை ஒரே ஒரு இடத்தில், அதுவும் கடைசிப் பகுதியில், அதுவும் சன்னமான சத்தத்தில். அதுவரை அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதை வாசிப்பவர் தாளத்தை எண்ணிக்கொண்டேதான் இருப்பார், ஆனாலும் சரியான இடத்தில் கண்டக்டர் ஒரு பார்வை பார்த்தால் கை நடுங்காது.

கையசைவைப் படிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வலது கை தாளம் காட்டுகிறது. நான்கு எண்ணிக்கைத் தாளமென்றால் கீழே, இடது, வலது, மேலே. கீழே வரும் அடிதான் முதல் எண்ணிக்கை. இடது கை ‘இன்னும் கொஞ்சம்’, ‘போதும், குறை’, ‘இப்போது நீங்கள்’ என்று பேசுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான அசைவு இசை தொடங்குவதற்கு முன்னால் வருகிறது. கை மேலே எழும்பும். வில்கள் கம்பியைத் தொட்டு நிற்கும். குழல் ஊதுபவர்கள் அந்த எழுச்சியோடு சேர்ந்தே மூச்சை இழுப்பார்கள். கை எந்த வேகத்தில் எழுகிறதோ அதுதான் இசையின் வேகம், எவ்வளவு கனமாக எழுகிறதோ அதுதான் முதல் ஸ்வரத்தின் அழுத்தம். பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியின் அந்தப் பேர்போன நான்கு ஸ்வரத் தொடக்கம், எழுத்தில் ஒலியோடு தொடங்கவில்லை. முதலில் ஒரு சின்ன மௌனம், அப்புறம்தான் மூன்று வேகமான ஸ்வரங்களும் ஒரு நீண்ட ஸ்வரமும். இல்லாத ஒரு ஸ்வரத்துக்குக் கையசைத்து, நூறு பேரை அதற்கு அடுத்த கணத்தில் ஒன்றாக உள்ளே இழுக்க வேண்டும். அனுபவமுள்ள கண்டக்டர்களையும் வியர்க்க வைக்கும் இடம் அது.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை ஒன்று நம் கண்ணில் படுவதே இல்லை, அது ஒத்திகை. எந்த வாத்தியம் எங்கே அடங்க வேண்டும், எங்கே மூச்சு விடலாம், எந்த வேகம் என்பதெல்லாம் கச்சேரிக்கு முந்தைய நாட்களில் பேசித் தீர்த்தவை. மேடையில் நடப்பது பெரும்பாலும் நினைவூட்டல்.

அப்படியானால் கண்டக்டர் இல்லாமல் முடியவே முடியாதா? முடியும். 18ஆம் நூற்றாண்டில் ஆர்கெஸ்ட்ரா சிறியது. இசையமைப்பாளர் ஹைடன் வேலை பார்த்த எஸ்தெர்ஹாசி அரண்மனைக் குழுவில் சுமார் 25 பேர்தான். விசைப்பலகையில் உட்கார்ந்தவரோ முதல் வயலின்காரரோ தலையசைத்தே நடத்திவிடுவார். நியூயார்க்கில் 1972-இல் தொடங்கிய ஆர்ஃபியஸ் என்ற சிறு குழு இன்றும் கண்டக்டர் இல்லாமல்தான் வாசிக்கிறது. 1922-இல் மாஸ்கோவில் தொடங்கிய பெர்சிம்ஃபான்ஸ் என்ற முழு அளவுக் குழுவும் அப்படியே வாசித்தது. ஆனால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக வட்டமாக உட்கார்ந்தார்கள், சிலர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டியபடி. கண்டக்டரை எடுத்துவிட்டாலும் கண்ணால் சேர வேண்டிய தேவை போகவில்லை. ஒத்திகைக்கு நேரம் மட்டும் பல மடங்கு ஆகும்.

குச்சி வரும் முன்பு சில இடங்களில் கனமான கோலால் தரையைத் தட்டித் தாளம் காட்டினார்கள். பிரெஞ்சு அரசவை இசையமைப்பாளர் லூலி 1687-இல் அப்படித் தட்டும்போது தன் கால் விரலிலேயே குத்திக்கொண்டார். புண் அழுகி இறந்தே போனார். கையளவுக் குச்சிக்கு மாறியது எல்லா வகையிலும் முன்னேற்றம்தான்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பல பேர் சேர்ந்து ஒலியைத் தடிமனாக்குகிறார்கள், கூடம் அதைப் பிடித்து வைக்கிறது, ஓபோ சுருதியை ஒன்றாக்குகிறது, குச்சி நேரத்தை ஒன்றாக்குகிறது. இனி அன்றைக்கு என்ன வாசிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

மூன்று உருப்படி, நடுவில் ஓர் இடைவேளை

மிகவும் பழக்கமான நிரல் இப்படிப் போகும். முதலில் ஓவர்ச்சர். நாடகத்துக்கோ ஓபராவுக்கோ முன்னால் வாசிக்க எழுதிய, பத்து நிமிட அளவிலான உருப்படி அது. தாமதமாக வருபவர்கள் வெளியே நிற்க வேண்டியது இதன்போதுதான், இது முடிந்ததும் உள்ளே விடுவார்கள். அடுத்து கான்செர்ட்டோ, அதாவது ஒரு தனி வாத்தியக்காரரும் முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. அரைமணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இருபது நிமிட இடைவேளை. பிறகு சிம்பொனி, முக்கால் மணி நேரம் வரை.

கான்செர்ட்டோவைப் பற்றி எல்லாருக்கும் வர வேண்டிய சந்தேகம் ஒன்று: மைக் இல்லாமல் ஒரே ஒரு வயலின் எப்படி நூறு பேருக்கு மேலே கேட்கிறது? கேட்காது, எழுதியவர் வழி விட்டால்தான் கேட்கும். தனி வயலின் வாசிக்கும் இடங்களில் பித்தளைக் குழல்களுக்கு ஓய்வு கொடுத்திருப்பார், மற்ற தந்திகளைச் சன்னமாக, கீழ் ஸ்தாயியில் நிறுத்தி, தனி வயலினை மேலே ஏற்றியிருப்பார். வாத்தியக்காரரும் முன்னால் நின்று வாசிக்கிறார். ஆர்கெஸ்ட்ரா முழுக்க முழங்கும் இடங்களில் அவர் பெரும்பாலும் வில்லைத் தாழ்த்தி நிற்பதைப் பாருங்கள், அதுவும் அதே ஏற்பாடுதான்.

சிம்பொனி என்பது பொதுவாக நான்கு பகுதிகள் கொண்ட பெரிய படைப்பு. அந்தப் பகுதியை மூவ்மெண்ட் என்கிறார்கள். வேகமாக ஒன்று, மெதுவாக ஒன்று, நடனத் தாளத்தில் ஒன்று, முடிக்க மறுபடி வேகமாக ஒன்று என்பது ஹைடன், மொசார்ட் காலத்தில் நிலைத்த அமைப்பு. முதல் மூவ்மெண்டில் பெரும்பாலும் இரண்டு மெட்டுகள் வரும். அவற்றை அறிமுகப்படுத்திவிட்டு, உடைத்து, வேறு சுருதிகளுக்குக் கொண்டுபோய்ப் புரட்டி, கடைசியில் தொடங்கிய சுருதிக்கே திரும்பக் கொண்டுவருவார்கள். முதல் மெட்டை மட்டும் காதில் பிடித்துக்கொண்டால் போதும், பாதி சிம்பொனி பிடிபட்டுவிடும்.

நிரல் எப்போதும் இப்படி அளவாக இருந்ததில்லை. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் நடத்திய கச்சேரியில் ஐந்தாவது, ஆறாவது சிம்பொனிகள், நான்காவது பியானோ கான்செர்ட்டோ, கோரல் ஃபேன்டசி, இன்னும் சில என்று ஏறத்தாழ நான்கு மணி நேரம். அரங்கில் குளிர் வேறு. ஒத்திகை போதாமல் கடைசி உருப்படி நடுவில் குலைந்துபோய், நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். இப்போதைய இரண்டு மணி நேரம் நமக்குக் கிடைத்த சலுகை.

எப்போது கைதட்டுவது?

மூவ்மெண்டுகளுக்கு நடுவே கைதட்டக் கூடாது, முழு உருப்படியும் முடிந்த பிறகுதான். இது ஏதோ ஆதிகாலச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் மொசார்ட் 1778 ஜூலை 3 அன்று பாரிஸிலிருந்து தன் அப்பாவுக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்க வேண்டும். தன் புதிய சிம்பொனியில் கூட்டத்துக்குப் பிடிக்கும் என்று தெரிந்தே ஓர் இடத்தை வைத்ததாகவும், அந்த இடத்திலேயே கைதட்டல் எழுந்ததாகவும் சந்தோஷமாக எழுதுகிறார். கடைசி மூவ்மெண்டை இரண்டு வயலின் வரிசைகளை மட்டும் வைத்துச் சன்னமான சத்தத்தில் தொடங்கியிருக்கிறார். கூட்டம் ‘உஸ்’ என்றது. உடனே முழுக் குழுவும் முழங்க, கைதட்டல் வெடித்தது. முடிந்ததும் நேராகப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டாராம். பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி 1813-இல் அரங்கேறியபோது இரண்டாவது மூவ்மெண்டைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள், வாசித்தார்கள்.

மௌனம் 19ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல வந்தது, 20ஆம் நூற்றாண்டில் இறுகியது. சிம்பொனியை ஒரே முழுப் படைப்பாகக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். மைக் இல்லாததும் இங்கே வந்து சேர்கிறது. ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி தன் ஆறாவது சிம்பொனியின் முதல் மூவ்மெண்டில் ஓரிடத்தில் ஆறு பி (p என்ற எழுத்து) எழுதியிருக்கிறார். ஒரு பி போட்டால் சன்னமான சத்தத்தில், இரண்டு போட்டால் இன்னும் சன்னமாக. ஆறு என்றால் வாசிப்பவரின் மூச்சே கேட்டுவிடும் என்ற அளவு. அவர் அதை எழுதியது பஸூனுக்கு, அந்த வாத்தியத்தால் அவ்வளவு அடக்கி ஊத முடியாது என்று பல குழுக்கள் பேஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்பீக்கர் இருந்தால் ஒலியை ஏற்றிவிடலாம். இங்கே அமைதி ஒன்றுதான் வழி. ஒரு இருமல் போதும், அந்த ஸ்வரத்தை அன்றைக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த நொடி முழு ஆர்கெஸ்ட்ராவும் இடி போல இறங்கும், முன்னால் அந்த அமைதி இருந்தால்தான் அது இடி.

அதே சிம்பொனியின் மூன்றாவது மூவ்மெண்ட் வெற்றி ஊர்வலம் போல முழங்கி முடியும். உலகமெங்கும் அந்த இடத்தில் யாராவது கைதட்டிவிடுவார்கள். உண்மையில் கடைசி மூவ்மெண்ட் அதற்குப் பிறகு இருக்கிறது, மெதுவாக, அடங்கிக்கொண்டே போவது. அங்கே கைதட்டுவதைப் பெரிய குற்றமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, இசையே அப்படித்தான் கேட்கிறது. புதிதாகப் போகிறவருக்கு எளிய வழி: கண்டக்டரின் கைகளைப் பாருங்கள். கை இன்னும் மேலே நின்றால் முடியவில்லை. கைகளைத் தொங்கவிட்டு அவர் நம் பக்கம் திரும்பினால் தாராளமாகத் தட்டலாம். மூவ்மெண்டுகளுக்கு இடையே தொண்டையைச் செருமிக்கொள்ளலாம், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

சாப்பாடு முன்பா, பிறகா?

இசையும் சாப்பாடும் ஒரே மேசையில் இருந்த காலம் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் டெலிமான் 1733-இல் வெளியிட்ட தாஃபெல்மூசிக் என்ற தொகுப்பு விருந்து மேசைக்கான இசை. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். ஆறு பி எழுதத் தொடங்கிய பிறகு தட்டும் கரண்டியும் கூடத்துக்குள் இருக்க முடியாது. அதனால்தான் இன்று சாப்பாடு ஒரு பக்கம், கச்சேரி ஒரு பக்கம்.

முன்னால் சாப்பிடுவதென்றால் கச்சேரிக்கு இரண்டரை மணி நேரம் முன்பு மேசையில் உட்கார்ந்துவிடுங்கள், குறைவாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிற்றோடும் போக வேண்டாம். அமைதியான இடத்தில் வயிறு போடும் சத்தம் பக்கத்து இருக்கைக்குக் கேட்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மங்கலான வெளிச்சத்தில், மெத்தையிட்ட நாற்காலியில் சாய்ந்து மெதுவான மூவ்மெண்டைக் கேட்டால் தூக்கம் வரும். அதில் தூங்குகிறவரின் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் குறட்டைக்கும் எதிர்முழக்கம் உண்டு.

சாப்பாட்டு மேசையில் பில் வரத் தாமதமானால் ஓவர்ச்சர் போய்விடும். ஆர்டர் கொடுக்கும்போதே எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. இடைவேளையில் எதையாவது குடிக்க நினைத்தால், பல அரங்குகளில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இல்லாவிட்டால் இருபது நிமிடமும் வரிசையிலேயே போய்விடும். கழிவறை வரிசையும் அதே நேரத்தில்தான்.

என்னைக் கேட்டால், முன்னால் சிற்றுண்டி, பிறகு சாப்பாடு. ஆறுதலாகச் சாப்பிடலாம், பேசுவதற்கும் விஷயம் இருக்கும். ஒரே சங்கடம், கச்சேரி முடிந்து கைதட்டல் ஓயாமல் கூடுதலாக ஓர் உருப்படி வாசித்தார்கள் என்றால் சமையலறை மூடும் நேரம் நெருங்கிவிடும். கடைசி ஆர்டர் எத்தனை மணி வரை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த இருக்கை?

முன்வரிசை டிக்கெட்தான் நல்லது என்பது மைக் உள்ள கச்சேரிகளின் பழக்கம். இங்கே முதல் சில வரிசைகளில் பக்கத்தில் இருக்கும் வயலின்கள் மட்டும் தூக்கலாகக் கேட்கும், குழல்கள் அவற்றின் பின்னால் மறைந்துவிடும். நடுக்கூடத்திலும் மாடியின் முன்வரிசையிலும் நேரொலியும் சுவரொலியும் நன்றாகக் கலந்து வரும். மாடிக்கு அடியில், தலைக்கு மேல் தாழ்வான கூரை இருக்கும் பின்வரிசைகளைத் தவிர்க்கலாம். மேலிருந்து திரும்பி வர வேண்டிய ஒலி அங்கே வந்து சேராது.

1963-இல் திறந்த பெர்லின் ஃபில்ஹார்மனி போன்ற கூடங்களில் மேடையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இருக்கைகள் உண்டு. அவற்றில் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் உட்கார்ந்தால் டிம்பனியும் டிரம்பெட்டும் காதருகில் முழங்கும், ஒலியின் சமநிலை போய்விடும். ஆனால் கண்டக்டரின் முகமும் இரண்டு கைகளும் வாத்தியக்காரர்களுக்குத் தெரிவது போலவே உங்களுக்கும் தெரியும். முதல் கச்சேரிக்கு நான் சிபாரிசு செய்வது அந்த இடத்தைத்தான், டிக்கெட்டும் பெரும்பாலும் மலிவு. பாடகரோ பியானோவோ இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். பாடகரின் குரல் முன்பக்கம்தான் போகும், பியானோவின் திறந்த மூடியும் ஒலியை எதிர்ப்பக்கக் கூடத்துக்குத்தான் திருப்பிவிடும்.